வரைபடத்தில் விட்டுப்போன பல்

கூரி பாக்கென் பேச ஆரம்பித்தால் ஸ்கார்விக் ஊரே கைவேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும். ஏச்சு வாங்குகிறவர்கூட, இன்றைக்கு என்ன புதுச் சொல் வரப்போகிறதோ என்று கொஞ்சம் ஆசையோடுதான் நிற்பார். மேல்வரிசையில் ஒரு முன்பல் இல்லாததால் அவள் பேச்சு மெல்லிய விசிலோடு வெளியே வரும். எதிர்க்காற்றிலும் அவள் குரல் தூரம் போவதற்கு அந்த விசில்தான் காரணம் என்பது ஊர்க்காரர்கள் கணிப்பு.

அவள் 1894-இல் பிறந்தவள். எட்டு வயதில் அப்பாவைக் கடலுக்குக் கொடுத்தாள். அடுத்த கோடையில் அம்மா அவள் கையில் புல்வாரியைக் கொடுத்தாள்: ஆளுயர மரக்கம்பு, நுனியில் ஒரு குறுக்குக்கட்டை, கட்டையில் வரிசையாக மரப்பற்கள். அன்று பிடித்தது, நாற்பது வயது வரை ஐந்து பண்ணைகளுக்குப் புல் வாரினாள். ஸ்கார்விக்கில் சமதரை என்பது படகுத்துறைக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் மட்டும்தான் வாய்த்திருந்தது. ஆடுமாடுகளின் குளிர்காலத் தீவனம் முழுக்க மலைச்சரிவில் விளைந்தது. சில திட்டுகளில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் அரிவாளை வீச முடியும். அறுத்துக் காய்ந்த புல்லைக் கட்டாகக் கட்டி, கயிற்றில் விட்டுக் கீழே இறக்குவார்கள். பத்தொன்பது வயதில் அப்படி ஒரு கட்டை இறக்கும்போது, கயிற்று நுனியிலிருந்த மரக்கொக்கி எகிறி வந்து அவள் முன்பல்லைப் பெயர்த்துக்கொண்டு போனது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, "கட்டு பிரியாமப் போய்ச் சேந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்டாளாம்.

அந்தக் கரையில் கூராக நீட்டிக்கொண்டிருக்கும் எதற்கும் ஒரே பெயர்: திந்த். புல்வாரியின் பல் திந்த். மண்கட்டி உடைக்கும் பரம்பின் இரும்பு முள்ளும் திந்த். மான்கொம்பின் ஒவ்வொரு கிளைநுனியும் திந்த். ஊருக்கு மேலே வானத்தைக் கீறிக்கொண்டு வரிசையாக நிற்கும் பாறைமுனைகளும் திந்த்தான். ஏழு முனைகள் இருந்ததால் அந்த மலைக்கே 'ஏழு திந்த்' என்று பெயர். யாராவது ஓடி வந்து "திந்த் ஒடிஞ்சுபோச்சு!" என்று கத்தினால், வாரிக்குத் தச்சனைக் கூப்பிடுவதா, பாறை விழுந்து செத்தவருக்குப் பாதிரியாரைக் கூப்பிடுவதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

1934 ஜூலையில் தலைநகரிலிருந்து நிலம் அளப்பவர்கள் ஒரு சின்னக் கப்பலில் வந்தார்கள். மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே நுழையும் கடலான ஃபியோர்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் நெஸ் ஊரில், மலேனாவின் மளிகைக் கடை மாடியில் தங்கினார்கள். ஸ்கார்விக் மலை முழுசாகத் தெரிவது நெஸ் கரையிலிருந்துதான். அவர்கள் தலைவர் கேப்டன் வெடெல் நெட்டையான மனிதர். இடது முழங்கால் மடங்காது. ஆனால் கண் மட்டும் பருந்துக்கண். மூன்று வாரம் முக்காலிக் கருவியில் கண்ணை வைத்து அளந்தார். அளந்ததை வரைந்து, பெயர்களில் பிழை இருந்தால் ஊரார் சொல்லட்டும் என்று கடைச் சுவரில் மாட்டினார்.

காப்பிக்கொட்டை வாங்க வந்த கூரி அதைப் பார்த்தாள். மலைக்கு மேலே அழகான கையெழுத்தில் 'ஆறு திந்த்' என்று இருந்தது.

கல்லாவுக்குப் பின்னாலிருந்து மலேனா இதற்காகவே காத்திருந்தாள். இரண்டு ஊருக்கும் முந்நூறு வருஷப் பகை. கூரிக்கும் மலேனாவுக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்து.

"வா கூரி, வா. உன் வாயில ஒண்ணு குறையுது, இப்ப உங்க மலையிலயும் ஒண்ணு குறையுது. ஜோடிப் பொருத்தம் பிரமாதம்!"

கடையில் நின்ற ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். கூரி அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாடிப்படியடியில் நின்று கத்தினாள்.

"கேப்டன் ஐயா! கொஞ்சம் கீழ வாங்க. எண்ணிக்கையில ஒரு சந்தேகம்."

கேப்டன் மடங்காத காலை ஒவ்வொரு படியாக வைத்து இறங்கி வந்தார். கூரி வரைபடத்தில் விரலை வைத்தாள்.

"இது யாரு எண்ணினது?"

"நான்தாம்மா. கிழக்கேருந்து எண்ணினேன், மேற்கேருந்து எண்ணினேன். ஆறுதான் வருது."

"ஆறாவதுக்குப் பக்கத்துல, கொஞ்சம் முன்னாடி தள்ளி, ஒல்லியா ஒண்ணு நிக்குமே?"

"பாத்தேன். அது தனியா நிக்கல. பின்னாடி இருக்கிற பாறைச் சுவரோட ஒட்டின மடிப்பு அது. சட்டையில விழுற மடிப்பை இன்னொரு சட்டைன்னு கணக்குல சேக்க முடியுமா?"

மறுபடி சிரிப்பு. கூரி விடவில்லை. "நெஸ்ஸுலேருந்து பாத்தா அப்படித்தான் தெரியும். என் வீட்டு வாசலுக்கு வாங்க. சுவருக்கும் அதுக்கும் நடுவுல வானம் தெரியும்."

"எவ்வளவு வானம்?"

"ஒரு சாண்."

"ஒரு சாண் வானத்துக்கு ஒரு மலையாம்!" என்றாள் மலேனா.

கேப்டன் சிரிக்கவில்லை. பொறுமையாகத்தான் பேசினார். "உங்க வாசல்லேருந்து பாக்குறப்ப வெளிச்சம் ஏமாத்தலாம்மா. அதுவுமில்லாம, திந்த்னா உயர்ந்த மலைமுடி. இது பின்னாடி இருக்கிற சுவரை விடக் குட்டை. அதை எப்படி நான் திந்த்னு எழுதறது?"

அங்கேதான் பள்ளிக்கூட வாத்தியார் எந்த்ரெ உள்ளே புகுந்தார். புகையிலை வாங்க வந்தவர். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஒரு தடித்த அகராதியோடு திரும்பினார். மாவு மூட்டையின்மேல் அதை விரித்தார்.

"பழைய மொழியில 'திந்த்ர்'னு இருந்திருக்கு. முதல்ல போட்டிருக்கிறது என்ன தெரியுமா? முள்ளு, கூர்நுனி, வாரியோட பல்லு. மலைமுடி அதுக்குப் பின்னாலதான் வருது. 'பல்'லுங்கிற சொல்லுக்கே இது சொந்தக்காரன்னு சிலர் சொல்றாங்க. எல்லாரும் ஒத்துக்கலைன்னும் போட்டிருக்கு."

"அது எப்படி வாத்தியாரே வாரி முன்னாடி வரும்?" என்றார் மூலையிலிருந்த ஒரு மீனவர். "வாரிய நேத்துச் செஞ்சான். மலை உலகம் உண்டான நாள்லேருந்து நிக்குது."

"மலை முன்னாடியே நின்னுச்சு, யாரு இல்லேன்னா?" என்றாள் கூரி. "ஆனா அதுக்குப் பேரு வெச்சவன் கையில வாரி இருந்துச்சு. பொழுதன்னைக்கும் புல்லு வாரி, முதுகு விட்டுப்போயி, இடுப்புல கையை வெச்சு நிமிந்து பாத்திருப்பான். 'அடப் பாவி, மேலயும் ஒரு வாரியக் கவுத்து வெச்சிருக்கான்'னு சொல்லியிருப்பான். எனக்கே தினம் அப்படித்தான் தோணுது."

பிறகு கேப்டன் பக்கம் திரும்பினாள்.

"வாரியில பல்லு எத்தனைன்னு உயரத்தை வெச்சா எண்ணுவீங்க? நடுவுல இருக்கிற இடத்தை வெச்சு எண்ணுவீங்க. இடம் இல்லேன்னா அது வாரியே இல்ல, பலகை. இதோ பாருங்க." வாயை நன்றாக அகட்டிச் சிரித்துக் காட்டினாள். "இந்த ஓட்டை இருக்கவேதான் இந்தப் பக்கம் ஒரு பல்லு, அந்தப் பக்கம் ஒரு பல்லுன்னு உங்களுக்கே பட்டுனு தெரியுது. மலேனா பல்லைப் பாருங்க, நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குது. எண்ண முடியுமா?"

இந்த முறை கடை குலுங்கியது மலேனாவைப் பார்த்து. அவள் பட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

கேப்டன் வரைபடத்தையும் கூரியையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிம்மா. இடைவெளிதான் சாட்சின்னு நீங்களே சொல்றீங்க. அதைக் காட்டுங்க. வியாழக்கிழமை ஒம்போது மணிலேருந்து பன்னெண்டு வரைக்கும் கருவிய அந்தப் பாறை மேலயே வெச்சிருக்கேன். யாராவது ஒரு பக்கமா அதுக்குப் பின்னாடி போயி மறைஞ்சு, மறுபக்கமா வெளிய வந்தா, என் கையாலயே ஏழுன்னு எழுதறேன். ஆனா பன்னெண்டரைக்குக் கப்பல் கிளம்பிடும்."

"யாராவது என்ன? நானே போறேன்."

"பின்னாடி வழி இருக்கா?"

"ஆடு போயிருக்கு" என்றாள் கூரி.

ஊருக்குத் திரும்பும்போது படகை ஓட்டியவர் சீவெர்ட். பக்கத்து வீட்டுக்காரர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். பாதி வழி வந்ததும் எஞ்சினைத் தணித்தார்.

"கூரி, ஆடு போச்சு, சரி. நீ போயிருக்கியா?"

"பின்னாடி இருக்கிற இடுக்கோட வாசல் வரைக்கும்."

"உள்ள?"

"உள்ள போகல. காணாமப்போன ஆட்டைத் தேடிப் போனேன். அது இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வந்துச்சு, கண்ணால பாத்தேன்."

"அப்போ கேப்டன்கிட்ட பொய் சொல்லிட்டே."

"பொய் இல்ல, பாதி உண்மை. மீதிய வியாழக்கிழமை உண்மையாக்கிடறேன். நீ நெஸ்ஸுல கேப்டன் பக்கத்துலயே நில்லு. அவரு பாத்துட்டாருன்னா பனிமூட்டத்துல நீ ஊதுற படகு ஊதியை எடுத்து ஊது. எனக்கு மேல கேக்கணும்."

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கூரி புறப்பட்டாள். தோளில், இரு கை விரித்த அளவில் முப்பது பாகம் நீளமுள்ள புல்கட்டுக் கயிறு, பையில் தட்டையப்பமும் உப்பு மீனும், கழுத்தில் சிவப்புக் கம்பளிச் சால்வை. புல் திட்டுகளை ஒவ்வொன்றாகத் தாண்டினாள். அந்தத் திட்டுகளில் அவள் கால் படாத கல் இல்லை. கடைசித் திட்டுக்கு மேலே புல் தீர்ந்து வெறும் பாறை. எட்டரைக்கெல்லாம் இடுக்கின் வாயருகே வந்து உட்கார்ந்துவிட்டாள். கீழே நெஸ் ஊரின் வீடுகள் தீப்பெட்டி அளவில் தெரிந்தன. துறையில் கப்பலும் தெரிந்தது. நிம்மதியாக ஒரு துண்டு மீனை வாயில் போட்டாள்.

மென்று முடிப்பதற்குள் நெஸ்ஸைக் காணோம்.

கடலிலிருந்து கிளம்பிய மேகம் சரிவில் ஏறி வந்து அவளைச் சுற்றிலும் அடைத்துக்கொண்டது. நீட்டிய கையின் விரல்கள்கூட மங்கலாகத்தான் தெரிந்தன. சால்வையில் நீர் முத்து முத்தாகக் கோத்தது. கூரி மேகத்தைத் திட்டினாள்; அவளுக்குத் தெரிந்த எல்லாச் சொல்லையும் சொல்லி முடித்துவிட்டு, சும்மா இருப்பானேன் என்று எழுந்தாள். யாரும் பார்க்காத இந்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்த்துவிடலாம்.

இடுக்கு உள்ளே போகப் போகக் குறுகியது. இரண்டு பக்கமும் ஈரப்பாறை. நடுவில் எப்போதோ மேலிருந்து விழுந்த கல் ஒன்று ஆப்பு மாதிரி செருகி நின்றது. ஆடு அதன் அடியில் புகுந்து போயிருக்கிறது. கூரி குனிந்து பார்த்தாள். அவள் ஆடு இல்லை. கல்லின்மேல் ஏறிப் போக வேண்டும், அங்கே பக்கவாட்டில் ஒரு ஆள் அகலம்கூட இல்லை. தடித்த மேல்கோட்டையும் தோளிலிருந்த கயிற்றையும் கழற்றி வைத்தாள். மூச்சை முழுக்க வெளியே விட்டாள். பக்கவாட்டில் உடம்பைச் செருகினாள். மார்பும் முதுகும் ஒரே நேரத்தில் பாறையில் உரசின. நடுவழியில் ஒரு கணம், முன்னும் போகாமல் பின்னும் வராமல் மாட்டிக்கொண்டாள். இங்கேயே சிக்கிக்கொண்டால் மலேனா காலம் பூராவும் சொல்லிச் சிரிப்பாள் என்ற நினைப்பு வந்தது. அந்தக் கோபத்தில் ஒரு உந்து உந்தினாள். மறுபக்கம் போய் விழுந்தாள். எதிரே வெட்டவெளி, வெள்ளை மேகம். வழி இருக்கிறது!

அதே வழியாகத் திரும்பி வந்து வாயருகே காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, கடிகாரம் கிடையாது. மேகம் அசையவில்லை. அப்போது கீழேயிருந்து கப்பலின் விசில் கேட்டது. ஆட்களை ஏறச் சொல்லிக் கூப்பிடும் விசில். "இன்னும் கொஞ்சம் நில்லுங்க, கேப்டன் ஐயா" என்று மேகத்துக்குள் பார்த்து முணுமுணுத்தாள். வாழ்நாளில் அவள் யாரிடமும் அவ்வளவு பணிவாகக் கேட்டதில்லை.

விசில் ஓய்ந்து கொஞ்ச நேரத்தில், மேற்கிலிருந்து ஒரு காற்று. முதலில் அவள் காலடிப் பாறை தெளிந்தது. பிறகு கீழே புல் திட்டுகள். பிறகு யாரோ போர்வையை இழுத்தாற்போல மொத்த ஃபியோர்டும் நீலமாக விரிந்தது. கப்பல் இன்னும் துறையிலேயே நின்றது.

கூரி துள்ளி எழுந்து சால்வையைத் தலைக்குமேல் சுழற்றினாள். பத்துத் தடவை. பிறகு திரும்பி இடுக்குக்குள் நுழைந்தாள். இந்த முறை உடம்புக்கு வழி தெரிந்திருந்தது. மூச்சை விட்டாள், செருகினாள், உந்தினாள். மறுபக்கம் வெளியே வந்து விளிம்பில் நின்று மறுபடி சுழற்றினாள்.

சத்தமே இல்லை.

ஒருவேளை அவர்கள் பார்க்கவில்லையோ? கேப்டன் கருவியைக் கட்டிவைத்துவிட்டாரோ? கூரி யோசித்து நிற்கவில்லை. மறுபடி நுழைந்து பழைய பக்கமே வந்து சுழற்றினாள். மூச்சு வாங்கியது, முழங்கை தோல் உரிந்து எரிந்தது. மூன்றாம் முறைக்குத் திரும்பும்போதுதான் அது வந்தது.

சீவெர்ட்டின் ஊதி. நீளமாக, நடுவில் மூச்சுக்கு நிறுத்தி, மறுபடி நீளமாக. கூடவே இன்னொரு ஊதி. அது நெஸ் படகு! பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் துறையிலிருந்த எல்லாப் படகுகளும் ஊதின. கடைசியில் கப்பலே தன் கனத்த குரலைத் திறந்துவிட்டது. மலைச்சுவர் அதை வாங்கித் திருப்பி அடித்தது. ஃபியோர்டு முழுக்க ஒரே முழக்கம். கூரி பாறையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

இதோடு அவள் இறங்கியிருக்கலாம். கேட்டது இவ்வளவுதான். ஆனால் தலைக்கு மேலே அந்த ஒல்லிப் பாறை இன்னும் ஆறேழு ஆள் உயரத்துக்கு நின்றது. அதன் உச்சியில் இதுவரை யாரும் கால் வைத்ததில்லை, ஆடுகூட. கூரி இடுக்கில் கழற்றி வைத்த கயிற்றை எடுத்து வந்தாள். வளையம் போட்டுச் சுழற்றி எறிந்தாள். வழுக்கி விழுந்தது. இன்னொரு முறை, பாதியில் தட்டித் திரும்பியது. மூன்றாவது எறிவில் வளையம் உச்சியைச் சுற்றி அமர்ந்தது. முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. காலணியைக் கழற்றி, கம்பளிக் காலுறையோடு, புல் திட்டுகளில் முப்பது வருஷம் ஏறிய மாதிரியே ஏறினாள்.

உச்சியில் இரண்டு பாதத்துக்கு மட்டும்தான் இடம். நின்றாள். கீழே இரண்டு கரை, இரண்டு ஊர், நடுவில் நீலம். யாருடைய புல்லையும் வாராமல், யாருக்கும் பதில் சொல்லாமல், அவள் இப்படி ஒரு இடத்தில் நின்றதே இல்லை. ஊதிகள் மறுபடி கிளம்பின. இரண்டு கையையும் விரித்தாள்.

அவள் இறங்கி வந்து, சீவெர்ட் அவளை நெஸ்ஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மணி நான்கு. கப்பல் போகவில்லை. துறையில் இரண்டு ஊர் மக்களும் நின்றார்கள். கேப்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"முதல் தடவையே பாத்துட்டேன்மா. உடனே ஊதச் சொன்னேன். இந்த மனுஷன் ஊதல."

கூரி சீவெர்ட்டைப் பார்த்தாள். அவர் முகம் சிவந்திருந்தது.

"எங்க ஊதறது? தொண்டை அடைச்சிருச்சு" என்றார் சீவெர்ட். "அழுதுட்டு இருந்தேன்."

கூட்டம் ஆரவாரித்தது. அதைப் பிளந்துகொண்டு மலேனா காப்பிக் கெட்டிலோடு வந்தாள். கூரியின் முழங்கையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அடியே, தோலெல்லாம் உரிஞ்சு கெடக்கே! உக்காரு முதல்ல. அந்த ரெண்டாவது ஊதி யாருதுன்னு நெனச்சே? என் வீட்டுக்காரரோடது. பிடுங்கி நானே ஊதினேன்."

"அதான் அவ்வளவு கர்ண கடூரமா இருந்துச்சு" என்றாள் கூரி.

"காப்பியக் குடிடி" என்றாள் மலேனா.

அன்று மலேனாவின் கடை வாசலில் புளிப்புப் பாலேட்டுக் கஞ்சி அண்டா அண்டாவாக வெந்தது. கேப்டன் எல்லோர் முன்னாலும் வரைபடத்தைச் சுவரிலிருந்து எடுத்து, 'ஆறு' என்பதைச் சுரண்டிவிட்டு 'ஏழு' என்று எழுதினார். பெயர்க் குறிப்பேட்டிலும் எழுதினார். எந்த்ரெ வாத்தியார் அதை உரக்கப் படித்தார்: "திந்த். புல்வாரியின் பல், அதைப்போல் இடைவெளி விட்டு நிற்கும் பாறைமுனை. விளக்கம் சொன்னவர்: கூரி பாக்கென், புல் வாருபவர்." கூரி அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். அப்புறம் இன்னொரு முறை.

அச்சடித்த வரைபடம் வந்தபின் நகரத்திலிருந்து மலையேறுகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். ஏழாவதுக்கு வழி தெரிந்தவள் ஒருத்திதான். கூரி அடுத்தவர் பண்ணைகளுக்குப் புல் வாருவதை விட்டாள். கோடை முழுக்க ஆட்களை மேலே கூட்டிப்போனாள். தடித்தவர்களைப் பார்த்ததும், "நீங்க இடுக்குல வேண்டாம், வெளியிலேருந்தே பாத்துக்குங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

1938-இல் இங்கிலாந்திலிருந்து மிஸ் பெல்லாமி என்ற மெலிந்த பெண்மணி வந்தாள். கூரியின் அடுப்படியில் தங்கினாள். முதல் நாள் காலை உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அரைகுறையாகக் கற்றிருந்த மொழியில், மலையின் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். கூரி மூலையிலிருந்த வாரியைக் காட்டினாள், அதன் பல்லைத் தொட்டாள். "திந்த்" என்றாள்.

மிஸ் பெல்லாமி சட்டென்று தன் முள்கரண்டியைத் தூக்கிப் பிடித்தாள். அதன் முனை ஒன்றை விரலால் தட்டினாள்.

"எங்க ஊர்ல இது டைன். பழைய காலத்துல, டிந்த்."

கூரி இரண்டு சொல்லையும் வாயில் போட்டுப் பார்த்தாள். டிந்த். திந்த். டைன்.

"அட! நம்ம வீட்டுப் பொண்ணு இது. கடலைத் தாண்டிக் கட்டிக்கொடுத்துட்டாங்க போல, பேச்சு கொஞ்சம் மாறிப்போச்சு."

பாதிதான் புரிந்தது என்றாலும் மிஸ் பெல்லாமி விழுந்து விழுந்து சிரித்தாள். கூரி அவள் தட்டில் இன்னும் இரண்டு உருளைக்கிழங்கை வைத்தாள். "நல்லா சாப்பிடுங்க. வழி செங்குத்து." பிறகு கயிற்றை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். வெளியே மேகமே இல்லாத காலை.